கும்பெனியார் வீடு பார்த்த கதை

வீடு மாற்றுவது என்றால் நம் குடும்பங்களில் எத்தனை யோசனை, எத்தனை விவாதம்! கிணற்றில் கோடையிலும் தண்ணீர் இருக்குமா, கடைத்தெரு பக்கமா, குழந்தைகளின் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், வீட்டுக்காரர் நல்ல மனிதரா, அண்டை வீட்டார் சண்டைக்காரர்களா என்று ஆயிரம் கேள்வி கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுக்கிறோம். கொடுத்துக் குடிபோன மறுநாளே, "அடுக்களையில் புகை போக வழியில்லையே!" என்று குறை கண்டுபிடிக்கிறோம். நாலு பேர் உள்ள குடும்பத்துக்கே இந்தப் பாடு. கடல் கடந்து வியாபாரம் செய்யும் பெரிய கம்பெனி ஒன்று தன் தலைமை அலுவலகத்துக்கு இடம் தேடுவதென்றால் எவ்வளவு பாடுபட வேண்டும் என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

இது இன்றைக்கும் நடக்கிற விஷயந்தான். ஐரோப்பியக் கூட்டமைப்பிலிருந்து பிரிட்டன் விலகுவது என்று முடிவான பிறகு, பானசோனிக் கம்பெனி தன் ஐரோப்பியத் தலைமை அலுவலகத்தைப் பிரிட்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு 2018-ல் மாற்றிக்கொண்டது. அதற்கு முந்திய ஆண்டு நடந்தது இன்னும் வேடிக்கை. லண்டனில் இருந்த ஐரோப்பிய மருந்து நிர்வாக அலுவலகத்தை எந்த ஊருக்கு மாற்றுவது என்று 2017 நவம்பரில் வோட்டு எடுத்தார்கள். கடைசிச் சுற்றில் ஆம்ஸ்டர்டாமுக்கும் மிலானுக்கும் சம வோட்டு. என்ன செய்வது? சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள்! ஆம்ஸ்டர்டாமுக்கு அதிர்ஷ்டம் அடித்தது.

நம் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கும் இப்படி ஒரு கம்பெனி வீடு தேடிக்கொண்டு வந்தது. அது வந்ததால் ஒரு சிறிய நெசவாளர் ஊர் உலக வரைபடத்தில் ஏறியது. அது வந்ததாலேயே அந்த ஊர் ஒரு நாள் தரைமட்டமும் ஆயிற்று. புதுச்சேரியின் கதையைத்தான் சொல்லுகிறேன்.

பாரிஸில் பணப் பெட்டி, லோரியானில் கப்பல்

1664-ஆம் ஆண்டு. பிரான்ஸை ஆண்டவர் பதினான்காம் லூயி மன்னர். அவருடைய மந்திரி கோல்பேர் கணக்கில் புலி. இங்கிலீஷ்காரர்கள் 1600-லும், டச்சுக்காரர்கள் 1602-லும் கிழக்கிந்தியக் கம்பெனி அமைத்துக்கொண்டு மிளகும் துணியும் ஏற்றி வந்து கொழுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, நாமும் ஒரு கம்பெனி அமைத்தால் என்ன என்று அவர் நினைத்தார். மூலதனம் ஒன்றரைக் கோடி லிவ்ர் என்று அறிவிப்பு வெளியாயிற்று. ஜனங்கள் அவ்வளவு உற்சாகமாகப் பணம் போடவில்லை. மன்னரே பெருந்தொகை போட்டு, பிரபுக்களையும் நகரங்களையும் வற்புறுத்திப் பங்கு சேர்க்க வேண்டியிருந்தது.

முதல் கேள்வி, ஐரோப்பாவில் கம்பெனிக்கு எந்த ஊர் வீடு? டச்சுக்காரர்கள் இந்தச் சண்டை வராமல் இருக்க ஒரு தந்திரம் செய்திருந்தார்கள். ஆறு நகரங்களில் ஆறு சபைகள். அவற்றுக்கு மேலே பதினேழு டைரக்டர்கள் கொண்ட ஒரு பெரிய சபை. அந்தப் பெரிய சபை ஆறு வருஷம் ஆம்ஸ்டர்டாமில் கூடும். அடுத்த இரண்டு வருஷம் மிடில்பர்க் நகரத்தில் கூடும். வயதான தாயார் பெரிய பிள்ளை வீட்டில் ஆறு மாதம், சின்னப் பிள்ளை வீட்டில் இரண்டு மாதம் என்று முறை வைத்துத் தங்குவது போல என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

பிரெஞ்சுக்காரர்களுக்கு மன்னர் இருக்கும் இடந்தான் எல்லாம். ஆகவே டைரக்டர்கள் பாரிஸில் இருந்தார்கள். ஆனால் பாரிஸில் கடல் ஏது? லெ ஹாவ்ர் துறைமுகம் பக்கந்தான். ஆனால் அங்கிருந்து புறப்படும் கப்பல் இங்கிலீஷ்காரர், டச்சுக்காரர் இருவர் மூக்குக்கும் முன்னால் போக வேண்டும். யுத்தம் வந்தால் தொலைந்தது. ஆகையால் மேற்கே, பிரிட்டனி மாகாணத்தில், போர் லூயி என்னும் விரிகுடாவின் கரையில் சும்மா கிடந்த நிலத்தை 1666-ல் கம்பெனிக்கு மன்னர் கொடுத்தார். அங்கே கட்டிய முதல் பெரிய கப்பலுக்கு "கிழக்கின் சூரியன்" என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். அந்தக் கப்பல் தளத்தைச் சுற்றி வளர்ந்த ஊருக்கு லோரியான் என்று பெயர் வந்தது. லோரியான் என்றால் கிழக்கு. பிரான்ஸின் மேற்குக் கரையில் ஒரு கிழக்கு! கம்பெனியின் சரக்கு ஏலம் முதலில் நாந்த் நகரத்தில் நடந்துவந்தது. 1734 முதல் அதுவும் லோரியானுக்கே வந்துவிட்டது.

ஆகப் பணமும் உத்தரவும் பாரிஸில், கப்பல் லோரியானில். ஆனால் சரக்கு? அது இருப்பது இந்தியாவில் அல்லவா? அந்த நாளில் லோரியானிலிருந்து நம் கரைக்குப் பாய்மரக் கப்பல் வந்து சேர ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். "இந்தத் துணியை இந்த விலைக்கு வாங்கலாமா?" என்று பாரிஸைக் கேட்டு எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தால், நெசவாளி வேறு ஆளுக்குத் துணியை விற்று, அந்தப் பணத்தில் பெண்ணுக்குக் கல்யாணமும் முடித்திருப்பார். அதனால் கம்பெனிக்கு இந்தப் பக்கத்திலும் ஒரு தலைமை ஸ்தலம் வேண்டியிருந்தது. தானே முடிவு செய்யவும், பணம் கொடுக்கவும், தீர்ப்புச் சொல்லவும் அதிகாரம் உள்ள ஸ்தலம்.

நாலு வீடு பார்த்தார்கள்

முதலில் பார்த்த வீடு இந்தியாவிலேயே இல்லை. மடகாஸ்கர் தீவு! வழியில் இருக்கிறது, பெரிய தீவு, நம்முடையது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று கோல்பேர் ஆசைப்பட்டார். காய்ச்சலும் உள்ளூர் மக்களோடு சண்டையுமாக அந்தக் குடியிருப்பு சீரழிந்து, 1674-ல் அங்கிருந்து எஞ்சியவர்கள் ஓட வேண்டியதாயிற்று.

இரண்டாவது, குஜராத்தில் உள்ள சூரத். மொகலாய சாம்ராஜ்யத்தின் பெரிய துறைமுகம் அது. பிரான்ஸுவா காரோன் என்பவர், முன்பு டச்சுக் கம்பெனியில் ஜப்பானில் எல்லாம் வேலை பார்த்தவர், 1668-ல் அங்கே பிரெஞ்சுப் பண்டசாலையைத் தொடங்கினார். ஆனால் கடைத்தெரு நடுவில் வீடு எடுத்தால் என்ன ஆகும்? எல்லாம் கிடைக்கும், எல்லாம் விலை அதிகம். இங்கிலீஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் முன்பே வேரூன்றிவிட்டார்கள். போதாக்குறைக்குச் சூரத் வர்த்தகர்களிடம் பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிய கடன் ஏறிக்கொண்டே போயிற்று. கடன்காரர் வாசலில் நிற்கிற வீட்டில் நிம்மதி ஏது?

மூன்றாவது, இலங்கையில் திருகோணமலை. உலகத்தில் இவ்வளவு அழகான, ஆழமான இயற்கைத் துறைமுகங்கள் சிலவே உண்டு. 1672-ல் தெ லா ஏ என்ற தளபதி பிரெஞ்சுக் கப்பற்படையோடு அங்கே இறங்கினார். டச்சுக்காரர்கள் விடுவார்களா? வந்த சூட்டோடு துரத்திவிட்டார்கள்.

நாலாவது, நம் சென்னை மயிலாப்பூருக்குப் பக்கத்தில் உள்ள சாந்தோம். அதே 1672 ஜூலையில் தெ லா ஏ சாந்தோம் கோட்டையைப் பிடித்தார். பிடித்ததும், கோல்கொண்டா சுல்தானின் படையும் டச்சுக்காரர்களும் சேர்ந்து முற்றுகையிட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அரிசியும் மருந்தும் தட்டுப்பட்டன.

சோறு கேட்கப் போய்க் கிடைத்த வீடு

இந்த இடத்தில்தான் நம் புதுச்சேரி கதைக்குள் வருகிறது. அப்போது இந்தப் பகுதி பீஜப்பூர் சுல்தானின் ஆட்சியில் இருந்தது. அவர் சார்பில் வாலிகண்டபுரத்தில் இருந்து நிர்வாகம் செய்தவர் ஷேர்கான் லோடி. சாந்தோமில் பசித்திருந்தவர்களுக்குத் தானியம் கேட்டு, பெலான்ஜெர் தெ லெஸ்பினே என்ற இளைஞரை அவரிடம் அனுப்பினார்கள். ஷேர்கான் தானியத்துக்கு உதவியதோடு, "கடலோரத்தில் ஓர் ஊர் தருகிறேன், வந்து வியாபாரம் செய்யுங்கள்" என்றும் சொன்னார். 1673 பிப்ரவரி 4-ந் தேதி லெஸ்பினே புதுச்சேரியில் இறங்கினார். சோறு கேட்கப் போனவருக்கு வீடே கிடைத்தது!

1674-ல் சாந்தோம் விழுந்தது. அங்கிருந்து மீண்டவர்களில் சிலர் புதுச்சேரிக்கு வந்தார்கள். அவர்களுக்குத் தலைவராக நின்றவர் பிரான்ஸுவா மர்த்தேன். பெரிய இடத்துப் பிள்ளை அல்ல. பாரிஸில் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். கம்பெனியில் சின்ன உத்தியோகத்தில் சேர்ந்து, 1665-ல் மடகாஸ்கர் போனவர். அவருடைய மனைவி மாரி குப்பெர்லி அம்மையார் பாரிஸிலேயே தங்கிவிட்டார். அந்த அம்மாள் கடல் கடந்து கணவரிடம் வந்து சேர்ந்தது எப்போது தெரியுமா? 1686-ல்! இருபது வருஷத்துக்கு மேல் பிரிவு. கம்பெனிகளின் சரித்திரத்தில் லாப நஷ்டக் கணக்கு எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கை எழுதுவதில்லை.

நல்லதும் கெட்டதும்

நாமும் நம் வழக்கப்படி இந்த வீட்டின் நிறைகுறைகளைப் பார்த்துவிடுவோம்.

முதல் நிறை, சுற்றிலும் நெசவாளர்களும் சாயக்காரர்களும் இருந்தார்கள். கம்பெனி தேடி வந்ததே துணியைத்தான். அவுரிச் சாயம் தோய்த்த நீலத் துணிக்கு இந்தப் பக்கம் பேர்போனது. உள்ளூர் வர்த்தகர்கள் கம்பெனியிடம் முன்பணம் வாங்கி நெசவாளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். துணி வந்ததும் தரம் பார்த்து, வெளுத்து, மூட்டை கட்டிக் கப்பலேற்றுவார்கள். கடல் வியாபாரம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஊருக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்தபோது, சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ரோமானிய நாட்டோடு நடந்த வியாபாரத்தின் தடயங்கள் கிடைத்தன.

இரண்டாவது நிறை, வீட்டுக்காரர். ஷேர்கான் அன்பாக இருந்தார். எவ்வளவு அன்பு என்றால், குடியிருக்க வந்த மர்த்தேனிடமே அவர் கடன் வாங்கினார்!

இனிக் குறை. பெரிய குறை ஒன்றுதான். ஆனால் அது மலை போன்ற குறை. புதுச்சேரிக்குத் துறைமுகம் இல்லை. திறந்த கடல். கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஆளையும் சரக்கையும் சலங்குகள்தான் சுமக்க வேண்டும். பலகைகளை ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் புயல் வந்தால் பெரிய கப்பலுக்கு ஒதுங்க இடம் கிடையாது. 1746 அக்டோபரில் சென்னைக்கு எதிரே நின்றிருந்த பிரெஞ்சுக் கப்பற்படையைப் புயல் சின்னாபின்னமாக்கியது. மழைக்காலத்தில் பிரெஞ்சுக் கப்பல்கள் மொரீஷியஸ் தீவு வரையில் ஓட வேண்டியிருந்தது.

இன்னொரு குறை, அக்கம்பக்கம். சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே கடலூர்ப் பக்கம் முதலில் டச்சுக்காரர், 1690 முதல் இங்கிலீஷ்காரரின் தேவனாம்பட்டினக் கோட்டை. வடக்கே சுமார் 150 கிலோமீட்டரில் சென்னை, அங்கும் இங்கிலீஷ்காரர். ஐரோப்பாவில் யாரோ இரண்டு மன்னர்களுக்குள் சண்டை என்றால், இங்கே வேலி தாண்டி அடி விழும்!

வீட்டைக் காலி செய்!

1677-ல் சத்ரபதி சிவாஜி தெற்கே வந்து செஞ்சியைப் பிடித்தார். ஷேர்கான் தோற்றுப்போனார். வீட்டுக்காரர் மாறிவிட்டார்! மர்த்தேன் தூது அனுப்பிச் சிவாஜியிடம் அனுமதி பெற்று, இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார். ஆனால் அடுத்த சோதனை கடுமையானது. சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சியில் இருந்தபோது, டச்சுக்காரர்கள் அவரிடம் பணம் கொடுத்துப் புதுச்சேரியின் மேல் உரிமை வாங்கிக்கொண்டு, 1693-ல் பெரிய கப்பற்படையோடு வந்தார்கள். மர்த்தேன் சரணடைய நேர்ந்தது. இருபது வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு பறிபோயிற்று.

புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்ததற்கு இந்தியாவில் நடந்த சண்டை காரணமல்ல. ஐரோப்பாவில், ரிஸ்விக் என்னும் ஊரில், 1697-ல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கைதான் காரணம். 1699-ல் டச்சுக்காரர்கள் ஊரைத் திருப்பிக் கொடுத்தார்கள். தாங்கள் கட்டிய கோட்டைக்கும் செய்த செலவுக்கும் 16,000 வராகன் வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு நல்ல காரியம் செய்திருந்தார்கள். ஊருக்கு நேர்நேரான தெருக்களோடு திட்டம் வகுத்திருந்தார்கள். 1694-ல் அவர்கள் வரைந்த படம் இன்றும் இருக்கிறது. "பிரெஞ்சுக்காரர் போட்ட தெரு எவ்வளவு நேர்த்தி!" என்று புதுவைக்குப் போகிறவர்கள் வியக்கிறார்களே, அதில் டச்சுக்காரரின் பங்கும் உண்டு.

கடைசியாக 1701 பிப்ரவரியில் மன்னரின் உத்தரவு பிறந்தது. சூரத்துக்கு இருந்த மேலதிகாரம் புதுச்சேரிக்கு மாறியது. இங்கே ஓர் உயர் சபை அமைந்தது. மர்த்தேன் அதற்குத் தலைவர். கோட்டை கட்டி முடிந்தது 1706-ல். அந்த ஆண்டின் கடைசி நாள், டிசம்பர் 31-ந் தேதி, மர்த்தேன் இறந்தார். மளிகைக் கடைச் சிப்பந்தி ஒரு நகரத்தை விட்டுச் சென்றார்.

அங்கே உடுத்தக் கூடாத சேலை

இவ்வளவு பாடுபட்டு வாங்கியனுப்பிய நம் துணிக்குப் பிரான்ஸில் என்ன மரியாதை என்று கேட்பீர்கள். கேளுங்கள். பூவும் கொடியும் எழுதிய இந்தியச் சீட்டித் துணியைக் கண்டு பிரெஞ்சுப் பெண்மணிகள் சொக்கிப்போனார்கள். துவைத்தாலும் சாயம் போகாத துணியை அதற்கு முன் அவர்கள் பார்த்ததில்லை. உடனே அந்நாட்டுப் பட்டு, கம்பளி நெசவாளர்கள் கூக்குரல் போட்டார்கள். 1686-ல் சட்டம் வந்தது: வர்ணம் எழுதிய பருத்தித் துணி கூடாது! பிறகு உடுத்தினாலும் அபராதம், உடையும் பறிமுதல். சட்டம் போட்டால் ஆசை அடங்குமா? கள்ளத்தனமாக வாங்கி வாங்கி உடுத்தினார்கள். 1759-ல் அரசாங்கமே தோற்றுத் தடையை நீக்கியது.

நம் நீலத் துணியின் பிரயாணம் வேறு விதம். அது பிரான்ஸ் வழியாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயிற்று. அங்கே அந்தத் துணியைக் கொடுத்து மனிதர்களை அடிமைகளாக வாங்கினார்கள். தறியில் உட்கார்ந்து நெய்தவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை. தெரிந்தவர்கள் தலைமை அலுவலகத்தில் இருந்தார்கள்.

ஊருக்கு என்ன கிடைத்தது?

தலைமை ஸ்தலம் வந்ததும் ஊர் வளர்ந்தது. வர்த்தகர்களும் நெசவாளர்களும் கைவினைஞர்களும் வந்து குடியேறினார்கள். வெள்ளைக்காரர் பகுதிக்கும் தமிழர் பகுதிக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் கோடு போட்டாற்போல ஓடியது, இன்றும் பார்க்கலாம். கம்பெனிக்கும் ஊருக்கும் நடுவில் பாலமாக இருந்தவர் துபாஷி. அது லாபமான உத்தியோகம். ஆபத்தான உத்தியோகமும் கூட. நைனியப்பப் பிள்ளை என்ற துபாஷியைக் கவர்னர் எபேர் 1716-ல் சிறையில் அடைத்துக் கசையடியும் கொடுக்கச் செய்தார். அடுத்த ஆண்டே அவர் சிறையில் இறந்தார். அவருடைய மகன் குருவப்பப் பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? பாரிஸுக்கே கப்பலேறிப் போய் நியாயம் கேட்டார்! தீர்ப்பும் மாறியது. தந்தை பெயரில் இருந்த களங்கம் நீங்கியது, தந்தைதான் திரும்பவில்லை.

அதே குடும்பத்தின் உறவினர்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரையில் அவர் தமிழில் எழுதி வைத்த நாட்குறிப்பு இல்லாவிட்டால், கம்பெனியின் கதையைக் கம்பெனி சொல்லித்தான் நாம் கேட்டிருக்க வேண்டும். கவர்னர் துய்ப்ளேக்சின் மனைவி ழான் அம்மையார் 1706-ல் புதுச்சேரியிலேயே பிறந்தவர், தமிழ் பேசத் தெரிந்தவர். அவருக்கும் பிள்ளைக்கும் ஒத்துவராது. அந்த அம்மாளைப் பற்றிப் பிள்ளை எழுதியிருக்கிற பொருமல்களைப் படித்தால், அலுவலகச் சச்சரவு எந்தக் காலத்திலும் ஒன்றுதான் என்று தோன்றும். ஆனால் சில பக்கங்களில் சிரிப்பு வராது. 1748-ல் இங்கிலீஷ்காரர்கள் முற்றுகையிட்டிருந்தபோது, ஊரின் வேதபுரீசுவரர் கோவிலைக் கம்பெனியார் இடித்தார்கள். வேறு இடத்தில் கோவில் மீண்டும் எழுந்தது பிற்பாடுதான்.

பெரிய இடி 1760-ல் விழுந்தது. மறுபடி இங்கிலீஷ் முற்றுகை. கோட்டையில் உணவு குறையத் தொடங்கியதும், தளபதி லாலி ஊரில் மீந்திருந்த தமிழ் மக்களை, ஆண் பெண் குழந்தை என்று பாராமல், வெளியே துரத்தினார். முற்றுகையிட்டவர்களோ அவர்களைத் தங்கள் பக்கம் விடவில்லை. இரண்டு படைகளுக்கும் நடுவில், திறந்த வெளியில், அந்த ஜனங்கள் பல நாள் பட்டினி கிடந்த பிறகுதான் வழி கிடைத்தது. 1761 ஜனவரி 16-ந் தேதி புதுச்சேரி சரணடைந்தது. அதே மாதத்தில் ஆனந்தரங்கப் பிள்ளையும் காலமானார். வென்றவர்கள் கோட்டையையும் மாளிகைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் ஊர் திரும்பக் கிடைத்தபோது, பழைய தெருக்களின் கோட்டிலேயே புது வீடுகளை எழுப்பினார்கள்.

1769-ல் கம்பெனியின் ஏகபோக உரிமையை மன்னர் நிறுத்திவிட்டார். பிரான்ஸின் ஆட்சி மட்டும் தொடர்ந்தது. 1954 நவம்பர் 1-ந் தேதி நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16-ந் தேதி சட்டப்படி முழுமையாக இணைந்தது. 2006-ல் புதுச்சேரி என்ற பெயரே அரசாங்கப் பெயராகவும் ஆயிற்று.

வந்தவர் போனார், இருந்தவர் இருக்கிறார்

நீங்கள் புதுவைக்குப் போனால் கடற்கரையோடு திரும்பிவிடாதீர்கள். கோட்டை நின்ற பகுதியில் இன்று பாரதி பூங்கா இருக்கிறது. குழந்தைகள் விளையாடுகிறார்கள். வாய்க்காலைத் தாண்டி மேற்கே நடந்தால், ஆனந்தரங்கப் பிள்ளை வீதியில் 1738-ல் கட்டிய அவருடைய வீடு நிற்கிறது. கோட்டை போய்விட்டது, வீடு நிற்கிறது.

பெரிய கம்பெனி ஒன்று நம் நகரத்தில் தலைமை அலுவலகம் திறக்கப் போகிறது என்று பத்திரிகையில் படிக்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். இருக்கட்டும், வேலை கிடைக்கும், வியாபாரம் வளரும். ஆனால் வீடு பார்க்க வருகிறவர் மட்டுமா கேள்வி கேட்க வேண்டும்? வாடகைக்கு விடுகிறவரும் கேட்க வேண்டும். எதற்காக இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தீர்கள்? லாபம் வந்தால் எங்களுக்கு என்ன பங்கு? உங்களுக்கும் உங்கள் பங்காளிக்கும் சண்டை வந்தால் கதவைச் சாத்தி எங்களை வெளியே நிறுத்துவீர்களா? இந்தக் கேள்விகளை 1673-ல் புதுச்சேரி நெசவாளிகளின் சார்பில் கேட்க யாரும் இல்லை. இன்றைக்குக் கேட்க நமக்கு வாய் இருக்கிறது, வோட்டும் இருக்கிறது.